மார்லிஸ் எழுதிய ஒரு வரி

மார்லிஸ் காங்கஸ் பதினேழு வருடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தவள். இயந்திரம் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. வேறு தொழில் தெரியாது. குரல் மட்டும் இருந்தது. எவ்வளவு எரிச்சலோடு கூப்பிட்டவரும் அவள் இரண்டு வார்த்தை பேசியதும் தணிந்துவிடுவார். அந்தக் குரலை நம்பித்தான் ஆர்விட் ட்வைட் அவளை வேலைக்கு எடுத்தார்.

ஆர்விட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பல் மருத்துவரான மனைவியின் கிளினிக்குக்காக ஒரு புரோகிராம் எழுதினார். நோயாளிகளின் முகவரி, யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதையெல்லாம் அது வைத்துக்கொள்ளும். அதற்கு ஹார்பர்புக் என்று பெயர் வைத்தார். பக்கத்துக் கிளினிக்காரர் கேட்டார், அவருக்குத் தெரிந்தவர் கேட்டார், அப்படியே அது தொழிலாகிவிட்டது. சுப்பீரியர் தெருவில் மூடிப்போன ஒரு செருப்புக்கடையின் மாடிதான் அலுவலகம். ஜனவரி மாதத்தில் ஏரிக்காற்று ஜன்னல் சட்டம் வழியாக உள்ளே வரும். ஹீட்டரைப் போட்டால் கம்ப்யூட்டர் அணையும், கம்ப்யூட்டரைப் போட்டால் ஹீட்டர் அணையும். எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் வேலை செய்தார்கள்.

முதல் நாள் மார்லிஸ் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

“கம்ப்யூட்டர் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.”

“நல்லதாப் போச்சு,” என்றார் ஆர்விட். “கூப்பிடறவங்களுக்கும் தெரியாது. நீ அவங்க பக்கம் உட்கார்ந்துக்கோ.”

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, வாடிக்கையாளர்கள் போனில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். பூசி மெழுகாமல் எழுத வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் தன்னிடம் நல்லதையே சொல்கிறார்கள், ஒரு ஆளாவது கெட்டதைச் சொல்லட்டும் என்றார். மார்லிஸ் அப்படியே எழுதினாள். எழுத்து பெரிது என்று சொன்னாலும் எழுதினாள், ஹார்பர்புக்கின் பச்சை நிறத்தைப் பார்த்தால் குமட்டுகிறது என்று ஹிப்பிங்கிலிருந்து ஒருவர் சொன்னதையும் எழுதினாள். ஆர்விட் அந்தப் பச்சையை மாற்றினார்.

ஆறு வருடத்தில் ஐந்து பேர் நாற்பது பேர் ஆனார்கள். பல் மருத்துவர்கள், மரக்கடைகள், தேவாலயங்கள், ஈமச்சடங்கு நடத்துகிறவர்கள் என்று மின்னசோட்டா, விஸ்கான்சின் முழுக்க வாங்கினார்கள். இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகள் தாங்கள் விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹார்பர்புக்கைப் போட்டே அனுப்பின. விற்பனையில் பாதி அந்த வழியில்தான் நடந்தது. மார்லிஸின் கீழே ஆறு பேர் போன் எடுத்தார்கள். அவர்களில் மூத்தவள் பெர்னடெட். அவள் கணவனும் அங்கேதான் புரோகிராம் எழுதினான். மார்லிஸும் பெர்னடெட்டும் தினமும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். பெர்னடெட்டுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அவள் கேலி செய்தால் ஆர்விட்கூட வாயைத் திறக்கமாட்டார்.

1994 இலையுதிர் காலத்தில்தான் அது வந்தது.

கலிபோர்னியாவில் கோர்விக் என்று ஒரு நிறுவனம். கம்ப்யூட்டர் இயங்குவதற்கே தேவையான அடிப்படை மென்பொருள் அவர்களுடையது. பத்துக் கம்ப்யூட்டரில் ஒன்பதில் அதுதான். அது இல்லாமல் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. அந்த வருடம் கோர்விக் அதோடு மூன்று புரோகிராம்களைச் சேர்த்துக் கட்டியது. கடிதம் எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, முகவரியும் நாட்காட்டியும் வைத்துக்கொள்ள ஒன்று. தனியாக விலை கிடையாது. வேண்டாம் என்று கழற்றவும் முடியாது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேறொரு கடிதம் போயிற்று. வேறு யாருடைய நாட்காட்டியையாவது சேர்த்து விற்றால், அடிப்படை மென்பொருளுக்கு அவர்களுக்குக் கிடைத்துவந்த சலுகை விலை கிடையாது.

இரண்டு கம்பெனிகளும் ஆறு வாரத்துக்குள் ஹார்பர்புக்கைக் கைவிட்டன. அதில் ஒரு கம்பெனியின் ஆள் ஆர்விட்டைப் போனில் கூப்பிட்டு, புரோகிராம் மேல் ஒரு குறையும் இல்லை, தங்களுக்கு வேறு வழியில்லை என்று சொன்னார். சொன்னதை எழுதித் தரமுடியுமா என்று ஆர்விட் கேட்டார். அவர் போனை வைத்துவிட்டார்.

வசந்தம் வருவதற்குள் ஒன்பது புரோகிராம்காரர்களில் ஐந்து பேரை நிறுத்த வேண்டி வந்தது. பெர்னடெட்டின் கணவன் தப்பினான். மார்லிஸுக்கு வரும் போன்களின் தன்மையே மாறிவிட்டது. முன்பெல்லாம் இது எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். இப்போது எப்படி வெளியேறுவது என்று கேட்டார்கள். ஆஷ்லாந்தில் ஒரு தேவாலயத்தின் எழுத்தர் அம்மாள், ஏழு வருட வாடிக்கையாளர், மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினாள்.

“புதுக் கம்ப்யூட்டர்ல அதுவே வந்திருக்கும்மா. இருக்கறதை விட்டுட்டு எதுக்குக் காசு குடுத்து இன்னொண்ணுன்னு பாதிரியார் கேக்கறார். நான் அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?”

 மார்லிஸ் எழுநூறு குடும்பங்களின் முகவரியை ஹார்பர்புக்கிலிருந்து கோர்விக்கின் புரோகிராமுக்கு எப்படி மாற்றுவது என்று அரைமணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாள் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் பிழை தலைகாட்டியது. கோர்விக் தன் அடிப்படை மென்பொருளை மாற்றியதிலிருந்து, ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஹார்பர்புக்கைத் திறந்தால், இரண்டாவது ஆள் எழுதியது சில சமயம் காணாமல் போனது. எந்த எச்சரிக்கையும் இல்லை. எழுதியது எழுதாததாகிவிடும். உள்ளே என்ன மாறியது என்கிற விவரத்தைக் கேட்டு ஆர்விட் கோர்விக்குக்கு எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பாதி விவரம் வந்தது. மிஞ்சியிருந்த நாலு பேர் முட்டி மோதிப் பார்த்தார்கள். மார்லிஸ் மூன்று மாதம் தொடர்ந்து தன் கடிதத்தில் இதையே முதலில் எழுதினாள்.

1996 பிப்ரவரியில் ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். சாகும் தறுவாயில் இருப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அவர்களுடையது. சனிக்கிழமை ஒரு கிழவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று எழுதி வைத்தது மறைந்துவிட்டது. யாரும் போகவில்லை. வலி மருந்து தீர்ந்துபோய், அவர் மகள் மறுநாள் வரை ஜன்னலருகில் காத்திருந்தாள். நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் மார்லிஸுக்குத் தாங்கிக்கொள்ளப் பழக்கம் உண்டு. என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, இனிமேல் இதை உபயோகிக்க மாட்டோம், உங்களிடம் சொல்லாமல் விடுவது சரியில்லை என்று பட்டது என்றாள்.

மார்லிஸ் முதல் தேதி வரை காத்திருக்கவில்லை. போனை வைத்த கையோடு ஆர்விட்டுக்கு எழுதி மின்னஞ்சலில் அனுப்பினாள். நடந்ததை எழுதினாள். கடைசியில் இப்படி முடித்தாள்: ‘கோர்விக்கின் நாட்காட்டி அழகில்லை, ஆனால் எழுதியதைத் தொலைப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே விலை என்றாலும் இன்றைக்கு நான் அதைத்தான் வாங்குவேன்.’

ஆர்விட் எழுந்து அவள் மேஜைக்கே வந்தார்.

“படிச்சேன்,” என்றார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நாலு பேரை வச்சுக்கிட்டு இதைச் சரி பண்ண எட்டு மாசம் ஆகும். எட்டு மாசம் நாம இருப்போமான்னே தெரியல.”

“நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.”

“எழுதாம இருந்தாத்தான் தப்பு.”

அடுத்த வருடம் ஆர்விட் வழக்குப் போட்டார். ஒரு பொருளில் தனக்கு இருக்கும் ஏகபோகத்தை வைத்து இன்னொரு பொருளை ஜனங்கள் தலையில் கட்டுவது சட்டவிரோதம் என்பது வழக்கு. மினியாபொலிஸில் ஜூடித் ஆர்னெட் என்ற வக்கீல் எடுத்துக்கொண்டாள். சின்ன உருவம், வேகமான பேச்சு. ஹார்பர்புக் ஆட்கள் எல்லோரையும் உட்காரவைத்து, எதிர்த் தரப்பு கேட்கும் காகிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும் என்று விளக்கினாள். மாதக் கடிதங்களும் அதில் சேர்த்தி.

அலமாரியிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததைத் தேடி அச்செடுத்துப் பெட்டியில் போடும் வேலை மார்லிஸுக்கும் பெர்னடெட்டுக்கும் வந்தது. மூன்றாம் நாள், நர்ஸ் கூப்பிட்ட அன்று எழுதிய கடிதம் மார்லிஸின் கைக்கு வந்தது. நின்றபடியே படித்தாள். பெர்னடெட் அவள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“நீ என்ன லூசா? இதைப் போயி எழுதி வச்சிருக்கே.”

“அன்னைக்கு மனசு சரியில்ல.”

“சரி, குடு இங்கே. அறுபது பெட்டி போகுது. ஒரு காகிதம் குறைஞ்சா எவனுக்குத் தெரியப்போகுது?”

மார்லிஸ் அதைக் கொடுக்கவில்லை. தைரியம் என்றோ நேர்மை என்றோ அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. முழுக் கடிதத்தையும் படிக்கிற நீதிபதி, ஐந்து பேர் போனதும் விவரம் வராததும்தான் காரணம் என்று புரிந்துகொள்வார் என்று நினைத்தாள். பெட்டியில் போட்டு, மேலே பசை நாடா ஒட்டினாள்.

1998 ஜூனில், விசாரணைக்கு முன்பே எதிர்த் தரப்பு வக்கீல் கேள்வி கேட்டுப் பதிவுசெய்யும் வாக்குமூலத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நீதிமன்றம் அல்ல, மினியாபொலிஸில் முப்பத்தோராவது மாடியில் ஒரு கண்ணாடி அறை. தட்டச்சு செய்ய ஒரு பெண், ஒரு வீடியோ கேமரா. கோர்விக்கின் வக்கீல் ஹார்க்னஸ் வயதானவர், மரியாதை தெரிந்தவர். அவளுக்குத் தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். காலை முழுவதும் அவள் வேலையைப் பற்றியே கேட்டார். வாடிக்கையாளர்களை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லையே என்று பாராட்டினார். அவள் ஆமாம் என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

“இது நீங்க எழுதினதுதானே, திருமதி காங்கஸ்?”

“ஆமா.”

“கடைசி வரியைக் கொஞ்சம் வாசிக்கிறீங்களா?”

வாசித்தாள். அவளுக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

“அன்னைக்கு அது உண்மையா?”

“அன்னைக்கு உண்மைதான். ஆனா அது எதனாலன்னா…”

“எதனாலன்னு நான் கேக்கல. உண்மையா இல்லையா?”

“உண்மை.”

“யாராவது கட்டாயப்படுத்தி எழுத வச்சாங்களா?”

“இல்ல.”

பிறகு ஜூடித்தின் முறை வந்தது. ஐந்து பேர் போனதை, விவரம் தாமதமானதை எல்லாம் மார்லிஸ் விளக்கமாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஹார்க்னஸ் இன்னும் ஒரே ஒரு கேள்வி என்று அனுமதி கேட்டார்.

“நீங்க புரோகிராம் எழுதறவங்களா?”

“இல்ல.”

“அப்போ அந்தப் பிழை எதனால வந்துச்சுன்னு உங்களுக்கு நேரடியாத் தெரியாது. அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும். சரிதானே?”

மார்லிஸ் ஜூடித்தைப் பார்த்தாள். ஜூடித் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிதான்,” என்றாள் மார்லிஸ்.

அவள் கணவன் டேல், இரும்புத்தாது ரயிலில் வேலை பார்ப்பவன், விடுப்பு எடுத்துக்கொண்டு கீழே காத்திருந்தான். வீடு திரும்ப இரண்டரை மணி நேரம்.  பாதி வழியில் ஹிங்க்லியில் காப்பிக்கு நிறுத்தியபோது, நீ பொய் எதுவும் சொல்லவில்லையே, பிறகென்ன என்று கேட்டான். அவளுக்கு அழுகைதான் வந்தது. டேல் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய காப்பியிலும் தானே சர்க்கரை போட்டுக் கலக்கினான். அவள் சர்க்கரை சேர்ப்பதில்லை.

வழக்கு விசாரணைக்கே வரவில்லை. விசாரணை இல்லாமலே தள்ளிவிட வேண்டும் என்று கோர்விக் கொடுத்த மனுவின் முதல் பக்கத்திலேயே மார்லிஸின் வரி இருந்தது, பெயரோடு. வாங்குகிறவர்கள் கட்டாயத்தால் போனார்களா, தரத்தைப் பார்த்துப் போனார்களா என்பதை வாதி தரப்பு நிரூபிக்கவில்லை, வாதியின் சொந்த ஊழியரே இரண்டாவதைத்தான் சொல்கிறார் என்று நீதிபதி எழுதி, வழக்கின் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார். மிச்சத்தை ஆர்விட் சமரசம் பேசி முடித்தார். என்ன கிடைத்தது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. கிடைத்தது வக்கீலுக்கே காணாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1999 மார்ச்சில் கடையை மூடினார்கள். கடைசி நாளில் பதினோரு பேர்தான் மிச்சம். யாரோ கேக் செய்து கொண்டுவந்திருந்தார்கள். ஆர்விட் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். மார்லிஸ் தன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெர்னடெட் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கணவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

“நாப்பது பேர் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, எவ்வளவு சுத்தமா கோப்பை கழுவறே பாரு.”

 பெர்னடெட் அவளோடு பேசிய கடைசி வார்த்தை அதுதான். அந்தத் தம்பதி பிறகு ஃபார்கோவுக்குப் போய்விட்டார்கள்.

மார்லிஸுக்கு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் மேஜை. கம்ப்யூட்டரில் இருந்தது கோர்விக்கின் நாட்காட்டி. முதல் வாரம் அதைத் திறப்பதற்கு முன்னால் வேறு ஏதாவது வேலை தேடினாள். இரண்டு மாதத்தில் பழகிப்போனது. பழகிப்போனதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கசப்பாக இருந்தது.

2001 அக்டோபரில் மீனைப் புகையில் வாட்டி விற்கும் கடை ஒன்றில் ஆர்விட்டைப் பார்த்தாள். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஏரியில் தாதுக்கப்பல் ஒன்று நின்றிருந்தது.

“அந்தப் பிழையைச் சரி பண்ணிட்டேன்,” என்றார்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“வீட்ல தனியா உட்கார்ந்து பண்ணினேன். எவ்வளவு நாள் ஆச்சு சொல்லு? பதினோரு நாள்.”

“எட்டு மாசம்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அப்போ போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு யாரை நிறுத்தறது, நாளைக்கு யாரை நிறுத்தறதுன்னே பொழுது போச்சு. தலைக்குள்ள இடமே இல்ல, மார்லிஸ். வேற ஒண்ணும் இல்ல.”

யாராவது உபயோகிக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, தான் மட்டும்தான் என்றார். அவள் மூன்று வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அப்போது வெளியே வந்துவிட்டது.

“என் மேல உங்களுக்குக் கோவமா?”

 அவர் மீன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“இருந்துச்சு. ஒரு வருஷம் இருந்திருக்கும். பூசி மெழுகாம எழுதுன்னு நானே உன்கிட்ட சொன்னவன்தான். இருந்தும் கோவம் வந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் களைச்சுப் போச்சு.”

காரில் வரும்போது, அவர் பொய் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அடுத்த குளிர்காலம் ஆர்விட் தூக்கத்திலேயே போய்விட்டார். ஈமச்சடங்கில் பழைய ஆட்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். மார்லிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

2003இல் அரசாங்கமே கோர்விக் மேல் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் அதில் சாட்சி சொல்லியிருந்தன. சேர்த்துக் கட்டி விற்றது தவறு, கம்ப்யூட்டர் கம்பெனிகளை மிரட்டியது தவறு, வேண்டாதவர்கள் கழற்றிக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்றார் நீதிபதி. செய்தித்தாளைக் கொண்டுவந்து டேல் சமையலறை மேஜையில் விரித்தான். நூலகத்துக்குப் போய் மார்லிஸ் முழுத் தீர்ப்பையும் தேடிப் படித்தாள். நூற்று நாற்பது பக்கம். தொண்ணூற்றோராம் பக்கத்தில், அடிக்குறிப்பில், இந்தப் போக்கினால் சந்தையைவிட்டு மறைந்தவை என்று ஏழு பெயர்கள் இருந்தன. ஹார்பர்புக் ஐந்தாவது. எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுக்கலாமா என்று யோசித்தாள். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் கோர்விக்கின் புதிய பதிப்பு மருத்துவமனைக்கு வந்தது. யாருக்கும் பிடிபடவில்லை. சொல்லிக்கொடுக்க உங்களைவிட ஆள் கிடையாது என்று மேலாளர் மார்லிஸைக் கேட்டுக்கொண்டாள். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள். மார்லிஸ் முன்னால் நின்று, எங்கே அழுத்தினால் எது திறக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் குரல் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“இதை இப்போ எடுத்துடலாமாமே? பேப்பர்ல போட்டிருந்தான்.”

“எடுக்கலாம்,” என்றாள் மார்லிஸ்.

“எடுத்துட்டு எதைப் போடறது?”

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மார்லிஸும் சிரிக்க முயன்றாள். பிறகு எல்லோரையும் கையேட்டின் நான்காம் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.